கூடப்பிறந்தவளின் பங்கு

எங்கள் சேர்வராயன் மலையில் ஒரு பழங்கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்களாம். பெரியண்ணன் இந்த மலைக்கு ஏறினார். நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனார். சின்னண்ணன் கொல்லிமலையைத் தேர்ந்துகொண்டார். அந்த மூவரின் வழிவந்தவர்களே தாங்கள் என்பது மலையாளிப் பழங்குடி மக்களின் நம்பிக்கை. ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும். மூன்று அண்ணன் தம்பிகள் மட்டும் மாற மாட்டார்கள்.

இந்தக் கதையைச் சொன்ன ஒரு பெரியவரிடம், "இவங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தா எந்த மலைக்குப் போயிருப்பாங்க?" என்று கேட்டேன். "அது புருஷன் வீட்டுக்குப் போயிருக்கும்" என்றார். யோசிக்கவே இல்லை. நம் குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் இப்படி யோசிக்காமல்தான் இந்தப் பதிலைச் சொல்கிறோம்.

ஏற்காட்டில் வாழ்ந்து வயதானவன் நான். காப்பித் தோட்டங்கள் பாகம் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பல பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உறவு முறிந்த வீடுகளில் இரு பக்கமும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அதிலிருந்து எனக்கு விளங்கிய ஒன்றைச் சின்னவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். சம பங்கு கொடுத்த வீட்டில் சண்டை வந்தாலும் உறவு தாங்கும். பங்கு கொடுக்காத வீட்டில் சண்டையே வராமல் உறவு அறும். பங்கு என்று நான் சொல்வது நிலத்தை மட்டுமல்ல. படிப்பு, பேச்சு, முடிவெடுக்கும் இடம் எல்லாமே பங்குதான்.

இதை விளக்க எங்கள் பழைய சேலம் மாவட்டத்துக் குடும்பம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

குமாரமங்கலத்து வீடு

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம் என்ற ஊர். இன்று அது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊரின் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன். ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். அவர் மனைவி ராதாபாய், மங்களூரில் தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் பள்ளிகள் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள். கவுண்டர் சமூகத்து ஜமீன்தாரும் சாரஸ்வதப் பிராமணப் பெண்ணும் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் சாதி தாண்டிச் செய்துகொண்ட கல்யாணம் அது. ராதாபாய் 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். 1938-ல் டெல்லி மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியும் அவர்தான்.

இந்தத் தம்பதிக்கு மூன்று மகன்கள், கடைசியாக ஒரு மகள். மூத்தவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் போரிட்டு வீரப்பதக்கம் பெற்றார். எதிரிகளிடம் சிறைப்பட்டு, தப்பி, மறுபடி பிடிபட்டார். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். இன்னொருவர் கோபால். அடுத்தவர் மோகன். கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத்தின் தலைவராக இருந்து, ஊர் திரும்பியதும் கம்யூனிஸ்ட் ஆகி, சென்னைச் சதி வழக்கில் தோழர் பி. ராமமூர்த்தியோடு சிறை சென்றவர். பின்னாளில் சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல். அதற்கும் பின்னால் இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர். நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆனபோது முன்நின்றவர்.

மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு மோகனின் பெயர் பழக்கமானது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். தளபதியின் பெயர் வினாடி வினாப் புத்தகங்களில் வரும். தந்தையின் பெயர் சட்டமன்ற வரலாற்றில் வரும். கடைசி மகளின் பெயரைச் சொன்னால், சேலத்துக்காரர்களில் பலர், "மோகன் குமாரமங்கலம் தங்கச்சியா?" என்றுதான் கேட்பார்கள்.

அவர் பெயர் பார்வதி. 1919 மார்ச் 15-ல் பிறந்தவர். பார்வதி கிருஷ்ணன் என்று கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தங்கை நின்ற இடம்

பார்வதியையும் அவர் பெற்றோர் ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பினார்கள். பெண்ணைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கிற வழக்கம் ஊரெல்லாம் இருந்த காலம் அது. மகன்களுக்குக் கடல் தாண்டிய படிப்பு என்றால் மகளுக்கும் அதுவே என்றது அந்த வீடு. இங்கிலாந்தில் அப்போது படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் பலர் இடதுசாரிகளாக மாறினார்கள். அண்ணன் மோகன் மாறினார். பார்வதியும் மாறினார். ஊர் திரும்பியதும் கட்சியின் முழுநேர ஊழியர் ஆனார். கட்சித் தோழர் என்.கே. கிருஷ்ணனைக் கல்யாணம் செய்துகொண்டார்.

ஜமீன் வீட்டில் வளர்ந்த பெண் வேலை செய்யப் போன இடம் கோயம்புத்தூரின் பஞ்சாலைகள். 1946 ஜனவரி 8-ல் சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளிகள் நான்கு பேர் தூக்கிலிடப்பட்ட மண் அது. அங்கே சங்கம் என்றால் வெறும் சந்தா ரசீது இல்லை. உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். அந்தத் தொழிலாளர்களிடமும், மலைத்தோட்டத் தொழிலாளர்களிடமும் சங்க வேலை செய்துதான் பார்வதி தன் பெயரைச் சம்பாதித்தார். 1954-ல் மாநிலங்களவைக்குப் போனார். 1957-ல் கோவைத் தொகுதி மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினார்கள். 1974 இடைத்தேர்தலிலும் 1977-லும் மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

தோட்டத் தொழிலாளர் என்றதும் எங்கள் மலைக்காரர்களுக்கு இதன் கனம் தெரியும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த நாள் முதல், பழம் பறிக்கிற கைகள் பெரும்பாலும் பெண்களுடையவைதான். நவம்பர் பனியில் விடியுமுன் எழுந்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிப்பார்கள். பச்சைக்காய் கலந்துவிட்டால் மேஸ்திரி சத்தம் போடுவார். பிள்ளையைக் கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்த காலமும் இருந்தது. தோட்டத்தில் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வந்த சட்டம் ஏட்டில் கிடக்காமல் லயத்து வாசல் வரை வர வேண்டுமானால் அதைக் கேட்க ஒரு சங்கம் வேண்டும். அந்த வகை வேலைக்குச் சிலை வைக்க மாட்டார்கள். கூலி உயர்ந்த மறுநாள் அதை யார் கேட்டு வாங்கினார்கள் என்பது மறந்துவிடும். தளபதியின் வேலையும் அமைச்சரின் வேலையும் நாளிதழில் ஏறும். சங்கக்காரரின் வேலை சம்பளப் பட்டியலில் ஏறும்.

பார்வதியை மறந்தவர்கள் அவர் குறைவாகச் செய்தார் என்பதால் மறக்கவில்லை. அண்ணன்மாரின் வெளிச்சத்தில் வைத்து அவரைப் பார்த்தார்கள், அதனால் அவர் முகம் தெரியவில்லை.

ஒரே வீடு, எதிரெதிர் பெஞ்சு

இப்போது அந்த வீட்டில் வந்த பிளவுக்கு வருகிறேன்.

1947-ல் சென்னை மாகாணத்தில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையில் சுப்பராயன் உள்துறை, போலீஸ் அமைச்சர் ஆனார். அவர் பிள்ளைகளில் இருவர் கம்யூனிஸ்ட்கள். அந்தக் கட்சிக்கும் அரசுக்கும் மோதல் முற்றிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கொஞ்ச காலத்தில் கட்சி தடை செய்யப்பட்டது. தோழர்கள் தலைமறைவானார்கள், பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். அமைச்சர் பொறுப்பிலிருந்து சுப்பராயன் போன பிறகு, 1950 பிப்ரவரி 11-ல், எங்கள் சேலம் சிறையிலேயே 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தின் சூடு எப்படி இருந்தது என்பதற்கு இந்த ஒன்றே போதும். அப்படிப்பட்ட நாளில் அப்பா போலீஸ் அமைச்சர், மகனும் மகளும் அந்தப் போலீஸ் கண்காணிக்கும் கட்சி. ஒரு தாய் அந்த வீட்டில் எப்படிச் சோறு போட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஜமீன்தாரி முறையை ஒழிக்கும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதே ஓமந்தூரார் ஆட்சியில் வந்ததுதான். பிள்ளைகள் நிலப்பிரபுத்துவத்தை ஒழிப்போம் என்று மேடையில் பேசினார்கள். ஜமீன்தாரான அப்பா அதை ஒழித்த ஆட்சியில் அமைச்சராக இருந்தார். வழி வேறு வேறு, ஆனால் கேட்கிற கேள்வி ஒன்றாக இருந்த வீடு என்றுதான் எனக்குப் படுகிறது.

1954-ல் பார்வதி மாநிலங்களவைக்குப் போன அதே ஆண்டில் சுப்பராயனும் காங்கிரஸ் உறுப்பினராக அங்கே போனார். 1957-ல் அப்பா திருச்செங்கோட்டில் வென்றார், மகள் கோயம்புத்தூரில் வென்றார். இருவரும் ஒரே மக்களவையில், எதிரெதிர்ப் பக்கம். 1959-ல் அப்பா மத்திய அமைச்சரானார். போக்குவரத்தும் தகவல் தொடர்பும் அவர் கையில். 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். தபால் தந்தி ஊழியர்கள் அதில் முன்வரிசையில் நின்றார்கள். அந்தத் துறை அப்பாவுடையது. வேலைநிறுத்தத்தை ஆதரித்த கட்சி மகளுடையது.

அண்ணனோடும் பாதை பிரிந்தது. 1964-ல் கட்சி இரண்டாக உடைந்தபோது அண்ணனும் தங்கையும் ஒரே பக்கம் நின்றார்கள். பிறகு 1960களின் பிற்பகுதியில் மோகன் கட்சியை விட்டு விலகிக் காங்கிரசுக்குப் போனார். 1971-ல் புதுச்சேரியில் நின்று வென்று மத்திய அமைச்சரானார். பார்வதி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்தார். இளமையில் கூட நின்ற அண்ணன் விலகிப் போகும்போது தங்கையும் பின்னால் போவது நம் ஊரில் இயல்பாக எதிர்பார்க்கப்படும். அவர் போகவில்லை. அண்ணனுக்காகக் கட்சிக்கு வந்திருந்தால் அண்ணனோடு போயிருப்பார். தன் அறிவால் வந்தவர், தன் அறிவால் இருந்தார்.

1973 மே 31. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் டெல்லிக்கு அருகே விழுந்து நொறுங்கியது. 48 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மோகன் குமாரமங்கலம். இன்னொருவர் கோயம்புத்தூர் மக்களவை உறுப்பினர், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. பாலதண்டாயுதம். பார்வதிக்கு ஒரே நாளில் அண்ணனும் போனார், தோழரும் போனார். தோழர் விட்டுச்சென்ற கோவைத் தொகுதிக்கு 1974-ல் இடைத்தேர்தல் வந்தது. கட்சி பார்வதியை நிறுத்தியது. அவர் வென்றார். அண்ணனைக் கொண்டுபோன விபத்தால் காலியான நாற்காலியில்தான் அவர் மறுபடி மக்களவைக்குள் போக வேண்டியிருந்தது. போனார், வேலையைச் செய்தார்.

அந்த வீட்டுக்குள் எத்தனை வருத்தம் இருந்ததோ, எத்தனை நாள் பேசாமல் இருந்தார்களோ, அது அவர்கள் வீட்டுக் காரியம். அதில் எட்டிப் பார்க்க நமக்கு உரிமையில்லை. ஊரறிய நடந்ததிலிருந்து எனக்கு விளங்குவது ஒன்று. அந்த வீட்டில் கருத்து வேறுபாடு மூடி வைக்கப்படவில்லை. நாடாளுமன்றத்தில், மேடையில், வாக்குச்சீட்டில் வெளிப்படையாக இருந்தது. மகளுக்கும் மகனுக்கு இருந்த அதே அளவு பேசும் உரிமை இருந்தது. அடுத்த தலைமுறையில் மோகனின் மகன் ரங்கராஜன் முதலில் காங்கிரஸ் சார்பில் சேலத்தின் மக்களவை உறுப்பினரானார், பிறகு பாரதிய ஜனதா அரசில் மின்துறை அமைச்சரானார். ஒரே குடும்பத்தில் இத்தனை கொடி. மகன்களும் பேரனும் அதே குமாரமங்கலம் என்ற ஊர்ப்பெயரோடுதான் அறியப்பட்டார்கள். மகள் மட்டும் கணவர் பெயரோடு அறியப்பட்டார். சேலத்து நினைவிலிருந்து அவர் நழுவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சத்தமில்லாமல் அறுகிற உறவு

இப்போது மலைக்கு வருவோம். நான் பார்த்த குடும்பங்களில் கொள்கைக்காகப் பிரிந்தவர்கள் குறைவு. தேர்தலில் எதிரெதிராக வேலை பார்த்த அண்ணன் தம்பிகள் சேர்வராயன் கோயில் மே மாதத் திருவிழாவில் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார்கள். பிரிந்து போனவர்கள் வேறு வகை.

ஒரு காப்பித் தோட்டக் குடும்பம். அண்ணன் தம்பி இருவர், தங்கை ஒருத்தி. தங்கையை மலைக்குக் கீழே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்பா காலமான பிறகு அண்ணன் தம்பிகள் தோட்டத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தங்கையிடம் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். நான் சாட்சி. அந்தப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, மரப் பெஞ்சில் உட்கார்ந்து, பத்திரம் எழுதுபவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் முடிந்த பிறகு மூத்தவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "எனக்கு நெலம் வேணும்னு நான் கேக்கலண்ணா. எவ்வளவு இருக்கு, எப்படிப் பிரிக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" மூத்தவர், "உனக்கு எதுக்கும்மா அந்தத் தலைவலி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பெண் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போனாள்.

சண்டை இல்லை, வழக்கு இல்லை. அதற்குப் பிறகு அவள் மலைக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. அண்ணன் பேத்தி சடங்குக்கு வரவில்லை. "பங்கு கேட்காதவள், நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, ஏன் இப்படி?" என்று அண்ணன் தம்பிகள் என்னிடமே கேட்டார்கள். உண்மையிலேயே அவர்களுக்குப் புரியவில்லை. அவளுக்கு வைத்த குறை நிலத்தில் இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு ஆளாகவே அவளை எண்ணாததில் இருந்தது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேச வழி இருந்திருக்கும். பேச ஒன்றுமே இல்லாத இடத்தில் எதை எடுத்துப் பேசுவது?

சில வருடம் கழித்துத் தம்பி மட்டும் கீழே இறங்கிப் போனார். பட்டா நகல், காப்பி விற்ற கணக்கு, மிளகுக் கணக்கு, வெட்டி விற்ற சில்வர் ஓக் மரக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்த் தங்கை வீட்டுத் திண்ணையில் விரித்து வைத்தார். "இதுதான் நம்ம தோட்டம். பாத்துட்டுச் சொல்லு" என்றார். அவள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். ஓரிடத்தில் கூட்டல் தப்பு என்று கண்டுபிடித்தும் சொன்னாள். பிறகு தம்பி தன் பாகத்தில் ஒரு துண்டைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். இப்போது அவள் மலைக்கு வருகிறாள். மூத்தவரோடு இன்னும் சரியாகவில்லை. எல்லாம் ஒரே நாளில் சரியாகும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

சட்டம் இந்த இடத்துக்கு எப்போதோ வந்துவிட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களை மட்டும் அது விட்டுவிட்டது. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டையும் எடுத்தது. பிறப்பாலேயே மகளுக்கு அந்த உரிமை உண்டு, 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது கேள்வியே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துச் சொன்னது. ஆனால் இந்த உரிமையைத் தரும் இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்குத் தானாகப் பொருந்தாது. மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் பொருந்தும். ஆகவே இந்த மலையின் மூத்த குடிகளான மலையாளி மக்களின் வீட்டில் ஒரு பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்பதை வழக்கம்தான் முடிவு செய்கிறது. பழங்குடிப் பெண்களுக்கும் இந்த உரிமை சேரும்படி சட்டத்தை மாற்றுவது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் வரும்போது வரட்டும். வழக்கத்தை மாற்ற ஊர்ப் பெரியவர்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. ஐரோப்பாவில் மொஸார்ட் என்ற இசை மேதையைச் சிறு வயதில் ஊர் ஊராகக் கூட்டிப்போய் வாசிக்க வைத்தபோது, அவரோடு சேர்ந்து வாசித்தவர் அக்கா மரியா அன்னா. அவருக்கும் கைதட்டல் கிடைத்தது. கல்யாண வயது வந்ததும் பயணம் நின்றது. தம்பி வெளியூர் போனார், அக்கா வீட்டில் இருந்தார். 1784-ல் பிள்ளைகள் உள்ள ஒருவருக்கு மனைவியாகப் போனார். தந்தை 1787-ல் இறந்த பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் இருந்த தொடர்பு தேய்ந்துபோனது. தம்பி இறந்த பிறகு, அவர் வாழ்க்கையை எழுத வந்தவர்களுக்குச் சிறு வயதுச் சம்பவங்களைச் சொல்லிக் கொடுத்தது இந்த அக்காதான். ஒதுக்கப்பட்டவளிடம்தான் குடும்பத்தின் நினைவு பத்திரமாக இருந்தது. நம் வீடுகளிலும் அப்படித்தான். பாட்டி எந்த மருந்தைக் காய்ச்சினாள், அப்பா எந்த வருடம் கடன் பட்டார் என்று கேட்டுப் பாருங்கள். அண்ணன்மாருக்குத் தெரியாது. அத்தையைக் கேட்டால் தெரியும்.

சின்னவர்களுக்குச் சொல்வது

குடும்பத்தில் ஒருவர் பெயர் பெற்றால் மற்றவர்களைக் கவனமாகப் பாருங்கள். "இன்னாருடைய தங்கை" என்று ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தாதீர்கள். அவள் பெயரைச் சொல்லி, அவள் செய்கிற வேலையைச் சொல்லுங்கள். அண்ணன் பெயர் தேவைப்பட்டால் பிறகு வரட்டும். இது சின்ன விஷயம் இல்லை. தினமும் அடி வாங்குகிற இடம் இதுதான்.

பாகம் பிரிப்பதாக இருந்தால், பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துக் கணக்கைச் சொல்லுங்கள். மகள் வேண்டாம் என்று சொன்னால் அது அவள் பெருந்தன்மை. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் அது அவளுடையது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் விட்டுக்கொடுப்பதற்குப் பெருந்தன்மை என்று பெயர் இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட நகையையும் செய்த சீரையும் பங்கோடு சேர்த்து எண்ணாதீர்கள். அந்தக் கணக்கு எத்தனையோ வீட்டைக் கெடுத்திருக்கிறது.

உறவு ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால், பெரியவர் யார், முதலில் யார் போக வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். யார் அதிகம் பெற்றாரோ அவர்தான் முதலில் போக வேண்டும். நிலமோ, படிப்போ, பேரோ, எதுவாக இருந்தாலும் அதிகம் பெற்றவர் கையில்தான் கொடுப்பதற்கு இருக்கும். வெறுங்கையோடு போய் "பழசை மறந்துடு" என்று சொல்வதைவிடப் போகாமல் இருப்பது மேல். கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள். அவள் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். கேள்வி கேட்கிறவள் இன்னும் உங்களைத் தன் வீட்டு ஆளாக நினைக்கிறாள்.

உங்கள் சண்டையைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதீர்கள். அத்தை வீட்டுக்குப் போகாதே என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு ஓர் அத்தை மட்டும் இல்லாமல் போவதில்லை. பாதிக் குடும்பக் கதை இல்லாமல் போகிறது.

பார்வதி கிருஷ்ணன் 2014 பிப்ரவரி 20-ல் தமது 94-ஆம் வயதில் காலமானார். அண்ணன்மார் பெயரை நம்பி அவர் வாழவில்லை. ஓர் அண்ணன் கட்சி மாறியபோதும் அண்ணன்மார் பதவி ஏறியபோதும் தான் நம்பியதை விடவில்லை. அந்த உறுதிக்கு ஆரம்பத்தில் விதை போட்டது, மகனுக்கு எதுவோ மகளுக்கும் அதுவே என்று முடிவு செய்த ஓர் அப்பாவும் அம்மாவும். அந்த மகள் பின்னாளில் அப்பாவுக்கே எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள் என்றால், அவர்கள் வளர்ப்பு தோற்றது என்று நான் நினைக்கவில்லை. வளர்ப்பு பலித்தது என்றே நினைக்கிறேன். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிற தைரியத்தை உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் கொடுங்கள். அவள் உங்களோடு வாதாடுவாள். உங்களை விட்டுப் போக மாட்டாள்.